ஹவில்தாருக்கு, ஏழுமலையின் கையைப் பற்றி

ஹவில்தார்,

நேற்று படப்பையில் ஷேர் ஆட்டோ ஏறினேன். மழை விட்டு ஐந்து நிமிடம்தான் ஆகியிருக்கும். கொஞ்ச தூரம் போனதும் சாலையோரம் நின்ற ஒருவர் கையைக் காட்டினார். குழந்தையைத் தூக்குவதுபோல அவர் இடுப்பில் ஒரு நாயை வைத்திருந்தார். முழுக்க நனைந்த நாய். என் பக்கத்தில் இருந்த அம்மாள் புடவையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார்.

"யோவ் டிரைவரு, இன்னாயா இது? ஆட்டோவா நாய் வண்டியா?"

"கால்ல அடிபட்டுகீதுக்கா. மாட்டாஸ்பத்திரிக்கு எட்த்துகினு போறேன்" என்றார் வந்தவர்.

"அதுக்குன்னு? துணியெல்லாம் நாறிப்பூடும்."

"எறங்கறப்ப சொல்லுக்கா, நானே தொவச்சிக் குடுக்கறேன்."

ஆட்டோ முழுக்கச் சிரித்தது. அந்த அம்மாளும் சிரித்தார். நான் நகர்ந்து இடம் விட்டேன். நனைந்த நாயின் வாடை எனக்கு முன்பெல்லாம் ஆகாது. மூக்கைப் பொத்தாமல் அந்த வாடைக்குப் பக்கத்தில் உட்காரப் பழகியது உங்களோடு இருந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான். ஒரகடம் வரும்வரை மனதுக்குள் உங்களோடு பேசிக்கொண்டே வந்தேன். பேசியதில் பாதியையாவது எழுதிவிட நினைக்கிறேன்.

நாம் சந்தித்தது உங்கள் தொழிற்சாலை வாசலில். கார் உதிரிபாகங்கள் செய்யும் இடம். நீங்கள் அங்கே செக்யூரிட்டி. அன்று இரண்டாம் ஷிஃப்ட் ஆட்கள் வேலைக்கு இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். செய்திக்காக நான் வந்திருந்தேன். கேட்டைப் பாதி மூடிக்கொண்டு குறுக்கே நின்றீர்கள்.

"பேப்பரா? உள்ள வுட மாட்டேன். கத்தாதீங்க, சண்ட வேணாம். டீ வேணா வாங்கித் தரேன், குடிங்க."

அனுமதி மறுக்கப்பட்டு அன்பாக உபசரிக்கப்பட்டது என் தொழிலில் அது ஒருமுறைதான். உங்கள் காலடியில் பழுப்பு நிறத்தில் ஒரு பெண் நாய் நின்றிருந்தது. லாரிகள் நிறுத்தும் இடத்தில் பிறந்து வளர்ந்த தெருநாய். அதன் பெயர் ஓ.டி., அதாவது ஓவர்டைம். ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் போன பிறகும் அது மட்டும் கேட்டை விட்டு நகராது என்பதால் தொழிலாளர்கள் வைத்த பெயர். நீங்கள் பட்டாளத்துக் குரலில் அதைப் பார்த்து "பைட்!" என்றீர்கள். 'உட்கார்' என்பதற்கான இந்திச் சொல். ஓ.டி. வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. காண்டிராக்டர் வேனுக்காகக் காத்திருந்த பீகார் தொழிலாளர்கள் இரண்டு பேர் சட்டென்று தரையில் உட்கார்ந்தார்கள்.

அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள். "இருவத்திரெண்டு வருசம் லேப்ரடாருக்கு இந்தில சொல்லிச் சொல்லிப் பழக்கமாயிட்ச்சி. இவ ஒரகடத்துக்காரி. தமிழ்ல சொன்னாலும் கேக்க மாட்டா."

அப்படித்தான் நீங்கள் ராணுவத்தின் நாய்ப் பிரிவில் இருந்தவர் என்று தெரிந்துகொண்டேன். அதற்குமேல் தெரிந்துகொள்ளப் பல மாதம் ஆனது. உங்கள் வலது கையில் இரண்டு விரல்களுக்கு உணர்ச்சி கிடையாது. டீ கிளாஸை எப்போதும் இடது கையில் பிடிப்பீர்கள். ஒருநாள் நான் கேட்டேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னீர்கள்.

"ஷேருன்னு ஒரு லேப்ரடாரு. கண்ணிவெடி மோந்து பாக்கற வேல. எனுக்கும் அவனுக்கும் நடுவுல கயிறு. கயிறு எவ்ளோ நீளமோ அவ்ளோ தூரம் அவன் முன்னால போனான். அந்த தூரத்துலதான் நான் இன்னிக்கு டீ குடிச்சிகினு கீறேன்."

பிறகு ராணுவ மருத்துவமனையில் மனநல வார்டில் நான்கு மாதம் இருந்ததையும் சொன்னீர்கள். வெட்கமோ பெருமையோ இல்லாமல், டைபாய்டு வந்து படுத்திருந்ததைச் சொல்வதுபோல. "டாக்டரு நல்லவரு. மாத்திர குடுத்தாரு, உக்காந்து பேசினாரு. ஆனா வெளிய வந்து மொத தபா நான் முழுசா தூங்கினது கால்மாட்டுல ஒரு நாயி வந்து படுத்தப்பதான்."

வெளிநாடுகளில் இதற்கென்றே நாய்களைப் பழக்கி, போரிலிருந்து திரும்பியவர்களுக்கும் தீயணைப்பு, ஆம்புலன்ஸ் வேலை பார்ப்பவர்களுக்கும் தருகிறார்கள் என்று எங்கோ படித்ததை நான் சொன்னேன். நீங்கள் குனிந்து ஓ.டி.யின் தலையைத் தடவினீர்கள்.

"அங்க அவுங்ககிட்ட நாய் கீது, ஆஸ்பத்திரி கீது, ஆளு கீது. இங்க நம்மகிட்ட இவ கீறா. ஆரம்பிக்கலாம்."

நான் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தேன். நீங்கள் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

அடுத்த முறை வந்தபோது செக்யூரிட்டி அறையின் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து என் முன் வைத்தீர்கள். நான் எழுதிய செய்திதான். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கம்பெனி வேன் ஒன்று டிரெய்லர் லாரியின் பின்புறத்தில் மோதியது. கடைசி வரி: 'தீயணைப்பு வீரர்கள் போராடி உடலை மீட்டனர்.'

"இதுல 'போராடி'ன்னு எழுதிகிறீங்களே, அது யாரு?"

"எல்லாரும்தான்."

"எல்லாரும்னு ஒரு ஆளு கெடயாது பேப்பர்காரரே."

அந்த ஆளைப் பற்றி அன்று சொன்னீர்கள். அவரை ஏழுமலை என்று வைத்துக்கொள்கிறேன். இதை எழுத அவர் சம்மதம் தந்திருக்கிறார். "பேர மட்டும் மாத்திடுங்க சார், ஸ்டேஷன்ல ஓட்டிகினே இருப்பானுங்க" என்று கேட்டுக்கொண்டார். உங்கள் பெயரையும் எழுதவில்லை. எழுதினால் உங்களுக்குப் பிடிக்காது.

வருடத்துக்கு ஒருமுறை தீயணைப்பு நிலையத்திலிருந்து தொழிற்சாலைக்கு வந்து தீயணைக்கும் ஒத்திகை நடத்துவார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் ஏழுமலை. ஐம்பதை நெருங்குகிறவர், நிலையத்தில் மூத்தவர். ஒத்திகை முடிந்து எல்லோரும் டீ குடிக்கும்போது அவர் மட்டும் வலது கையின் தோல் கையுறையைக் கழற்றவில்லை என்பதைக் கவனித்தது நீங்கள். "சித்திர வெயிலு. கிளவுஸோட டீ கிளாஸ புடிக்கிறான். கேட்டா அலர்ஜின்றான். அலர்ஜிக்கு யாராவது தோலு கிளவுஸ் போடுவாங்களா?"

மிச்சத்தைச் சொன்னது அவருடைய மகள் நித்யா. உங்கள் தொழிற்சாலையிலேயே லைனில் வேலை பார்த்த பெண். தினமும் உங்கள் கேட்டைத் தாண்டித்தான் போவாள். அந்த விபத்தில் வேனின் முன்பகுதியில் சிக்கியிருந்த இளைஞர் சிவகங்கைப் பக்கம். வேலைக்குச் சேர்ந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. மற்றவர்கள் தகட்டை வெட்டிக்கொண்டிருக்க, அவர் மயங்கிவிடாமல் பேச்சுக் கொடுக்கும் வேலை ஏழுமலைக்கு. கையுறையைக் கழற்றிவிட்டு அந்த இளைஞரின் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, கைய விட்ராதீங்கண்ணே" என்று இளைஞர் சொல்லிக்கொண்டே இருந்தாராம். வெட்டி முடிப்பதற்குள் கை குளிர்ந்துவிட்டது. ஏழுமலை விடவில்லை. மற்ற வீரர்கள் வந்து விரல் விரலாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது.

அன்று மாலை கையைக் கழுவிவிட்டுக் கையுறையை மாட்டியவர், பிறகு மற்றவர் எதிரில் கழற்றவில்லை. சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டார். ரிப்போர்ட் எழுதுவதும் கையுறையோடுதான். வேலையில் ஒரு குறையும் இல்லை. அழைப்பு வந்தால் வண்டியில் முதலில் ஏறுகிறவர் அவர்தான். வீட்டில்தான் யாரையும் தொடவில்லை.

நித்யாவுக்குத் தையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை இருங்காட்டுக்கோட்டையில் வேலை. உங்களிடம் அவள் சொன்னதை நீங்கள் அப்படியே எனக்குச் சொன்னீர்கள்: "எங்கப்பா எனுக்கு தல வாரி வுட்டவரு அங்கிள். இப்ப நான் பக்கத்துல போனா கைய பின்னால கட்டிக்கிறாரு. தார வாத்துக் குடுக்கறதையும் பெரியப்பாவே செய்யட்டும்னுட்டாரு. எனுக்கு எங்கப்பா கைதான் வேணும்."

அப்போது ஆவணி. தைக்கு ஐந்து மாதம் இருந்தது.

நீங்கள் ஏழுமலையைத் தேடி நிலையத்துக்கே போனீர்கள். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "எனுக்கு ஒரு ஒதவி. நாயப் பழக்கணும், காலைல ஒரு ஆளு வேணும்" என்றீர்கள். நாய்ப் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. விடிந்ததும் கையாள்பவர் தன் நாயை உச்சியிலிருந்து வால்வரை தேய்த்துவிட வேண்டும். காது, கண், பல், பாதத்தின் இடுக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அதன் பிறகு அதற்குச் சாப்பாடு. அதற்கும் பிறகுதான் தனக்கு. அந்த வரிசையை ஒரு தாளில் எழுதி, நேரம் போட்டு, பிரஷ்ஷோடு ஏழுமலையிடம் கொடுத்தீர்கள். ஆறு மணிக்குத் தலை, ஆறு ஐந்துக்குக் கழுத்து, இப்படி.

அவர் ஒரு நாள்கூடத் தவறவில்லை. சரியாக ஆறு மணிக்கு வந்தார். தாளில் இருந்தபடி தேய்த்தார். ஆறரைக்கு "முடிஞ்சிச்சி ஹவில்தார்" என்று விறைப்பாக நின்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாம் கையுறையோடு. ஒன்றரை மாதம் இப்படியே போனது. ஓ.டி.யின் உடம்பு பளபளத்தது. ஏழுமலையிடம் ஒரு மாற்றமும் இல்லை.

ஒரு சனிக்கிழமை அவர் போன பிறகு நீங்கள் அந்தத் தாளைக் கிழித்தீர்கள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"தப்பு எம்மேலதான். யூனிஃபார்ம் போட்டவன்கிட்ட ஆர்டர் குடுத்தா செஞ்சிட்டுப் போய்கினே இருப்பான். அவன் உள்ள இருக்க வேண்டியதே இல்ல. கை மட்டும் செய்யும். எனுக்குத் தெரியாதா? நானே அப்டி எத்தினி வருசம் செஞ்சிகீறேன்."

மாலையில் நிலையத்துக்குப் போன் செய்து, இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். "ஆர்டர் கேன்சல். உனுக்குத் தோணினா வா. தோணலன்னா வராத." அவர் வரவில்லை. ஞாயிறும் திங்களும் வரவில்லை. அடுத்த சனி வரைக்கும் இல்லை. ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. நான் ஒருநாள் போனில் கேட்டேன், நாமாகப் போய்ப் பார்த்தால் என்ன என்று. "போனா வருவான். வந்து கை கட்டி நிப்பான். வேணாம்" என்றீர்கள். உங்கள் குரல் சரியாக இல்லை. பணயம் வைக்கக்கூடாத ஒன்றைப் பணயம் வைத்துவிட்டவரின் குரல்போல இருந்தது. காரணம் அப்போது எனக்குத் தெரியாது.

எட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் வந்தார். லாரி நிறுத்துமிடத்துக்குப் பின்னால் கிடந்த சிமெண்ட் குழாய் ஒன்றின்மேல் நாம் உட்கார்ந்திருந்தோம். ஓ.டி. நம் எதிரில் தலையை உதறிக்கொண்டே இருந்தது.

"தப்பா நெனக்காதீங்க ஹவில்தார். நான் இனிமே வரல. பிரஷ்ஷ குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"வெச்சிட்டுப் போ."

அவர் வைத்தார். போகவில்லை. "இன்னா இது, காத இப்டி ஒதறிகினு கீறா?"

"உண்ணி. மழைக்கு ஏறிகிச்சி. என்னால முடியல ஏழுமல. ரெண்டு வெரலு மரத்துப்போனது, கண்ணும் செரியில்ல. இடுக்கிய வெச்சி புடிச்சா நழுவுது." பிறகு என்னைப் பார்த்தீர்கள். "பேப்பர்காரரே, நீங்க ட்ரை பண்றீங்களா?"

நான் முயன்றேன். மொச்சைக்கொட்டை அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஊதியிருந்த ஒன்றைப் பிடித்து இழுத்தேன். பாதி என் விரலில் வந்தது, பாதி காதிலேயே நின்றது. ஓ.டி. வலியில் கத்திவிட்டது.

"யோவ்! பேனாவ மட்டும் புடிச்சிகினு இருய்யா நீ" என்றீர்கள்.

"தள்ளுங்க சார்" என்றார் ஏழுமலை. "எங்க வூட்ல நாலு மாடு இருந்திச்சி. இது இடுக்கிக்கு வராது, நகத்துக்குதான் வரும்."

குழாய்க்கு முன்னால் மண்டியிட்டார். கையுறையோடு ஓ.டி.யின் காது மடலைப் பிடித்துத் திருப்பினார். தோல் விரல் தடிமனாக இருந்தது. உண்ணியின் அடிவரை அது போகவில்லை. இரண்டு முறை முயன்றார். ஓ.டி. முனகியது. அவர் கையை எடுத்துக்கொண்டு கையுறையைப் பார்த்தார்.

நீங்கள் என் தொடையைத் தட்டி, "ரோட்டப் பாருங்க" என்றீர்கள். இருவரும் ரோட்டைப் பார்த்தோம். கார்கள் ஏற்றிய டிரெய்லர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. செய்தியாளனுக்கு அதைவிடக் கடினமான கட்டளை வேறு இல்லை; ஆனாலும் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் கையுறையின் பட்டி பிரியும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு திரும்பியபோது, உண்ணியைப் போட நீங்கள் டீ கப்பில் கரைத்து வைத்திருந்த சோப்புத் தண்ணீரில் முதல் உண்ணி மிதந்தது. அந்தக் கை வெளுத்து, தோல் சுருங்கி, வெகுநாள் கட்டுப்போட்டிருந்த கைபோல இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்தது. இடது காது முடிந்து வலது காதுக்கு வந்தபோது ஓ.டி. அவர் தொடையில் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. எல்லாம் எடுத்து முடித்த பிறகும் அந்தக் கை நாயின் கழுத்திலேயே இருந்தது. அவர் அழுதார். ஓசையில்லாமல், நெடுநேரம். பேச வாயெடுத்த என்னை நீங்கள் முறைத்தீர்கள்.

கிளம்பும்போது அவர் கேட்டது இதுதான்: "நாளைக்கு மறுபடி பாக்கணும். குஞ்சு உண்ணி இருக்கும். வரட்டா?"

"ஒன் இஷ்டம்" என்றீர்கள். அவர் சாலையைக் கடந்து மறைந்த பிறகுதான் மூச்சு விட்டீர்கள்.

நாய் எல்லாவற்றையும் சரி செய்துவிட்டது என்று நான் எழுதினால் நீங்கள் கோபப்படுவீர்கள். நித்யா அப்படிச் சொன்னபோது, "நாயி டாக்டர் இல்லம்மா. டாக்டர் வூட்டு வாசல் வரிக்கும் கூட நடக்கும். அவ்ளோதான்" என்று திருத்தியவர் நீங்கள். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் ஏழுமலையை அழைத்துப்போனதும் நீங்கள்தான். வாசலில் அவர் தயங்கினார்.

"பைத்தியம்னு ஃபைல்ல எழுதிட்டா இன்னா பண்றது?"

"எனுக்குந்தான் எழுதினாங்க. ஃபைலு பீரோல கீது. நான் கேட்டுல கீறேன். போ உள்ள."

ஓ.டி.யைப் பிடித்துக்கொண்டு வெளியே மரத்தடியில் இரண்டு மணி நேரம் நின்றீர்கள். அதன் பிறகு பலமுறை. மாத்திரையும் பேச்சும் அங்கே. காலையில் தேய்த்துவிடுவது இங்கே. மார்கழிக்குள் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சிமெண்ட் குழாய்க்கு இன்னும் சிலர் வர ஆரம்பித்திருந்தார்கள். பட்டாளத்திலிருந்து வந்து பக்கத்துக் கம்பெனிகளில் செக்யூரிட்டியாக இருப்பவர்கள், ஒரு ஆம்புலன்ஸ் டிரைவர். யாரும் யாரிடமும் என்ன நடந்தது என்று கேட்கமாட்டார்கள். பிரஷ் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும். கிரிக்கெட் பேச்சு ஓடும், மேனேஜர்கள் வறுபடுவார்கள். எப்போதாவது ஒருவர் தலை நிமிராமல் நாயைத் தேய்த்தபடியே ஏதோ சொல்ல ஆரம்பிப்பார். மற்றவர்கள் ரோட்டைப் பார்ப்பார்கள்.

தையில் கல்யாணம் வல்லக்கோட்டையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தாரை வார்க்கும் நேரத்தில் மேடைக்குக் கீழே நின்றிருந்தேன். பெரியப்பா பட்டு வேட்டியோடு தயாராகவே உட்கார்ந்திருந்தார். கடைசி நிமிடம்வரை யாருக்கும் நிச்சயமில்லை. ஐயர் பெண்ணின் அப்பாவைக் கூப்பிட்டார். ஏழுமலை எழுந்து வந்தார். வெறுங்கை. மகளின் கையை எடுத்துத் தன் கையில் வைத்தார். அவருடைய மனைவி செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினார். மாப்பிள்ளை கையை நீட்டியபடி காத்திருந்தார். ஏழுமலை விடவில்லை. செம்புத் தண்ணீர் முழுவதும் வழிந்து முடிந்துவிட்டது.

"ஐயா, வுட்டாதான் மாப்ள வாங்கிக்க முடியும்" என்றார் ஐயர். மேடை முழுக்கச் சிரிப்பு. நித்யா மட்டும் சிரிக்கவில்லை. "இருக்கட்டும் சாமி, அவசரமில்ல" என்றாள்.

நான் வெளியே ஓடி வந்தேன். மண்டபத்துக்குள் நாயை விடமாட்டார்கள் என்பதால் பைக்குகளுக்கு நடுவில் ஓ.டி.யோடு நின்றிருந்தீர்கள். "குடுத்துட்டாரு" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு முறை மூக்கைச் சிந்தினீர்கள்.

"பந்தி ஆரம்பிச்சிட்டாங்களா? இவளுக்கு மொதல்ல ஒரு எல போடச் சொல்லுங்க. எனுக்கு பசிக்கிது."

ஆடியில் நீங்கள் போனீர்கள். காலை ஷிஃப்ட், கேட்டில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டீர்களாம். உங்கள் வீட்டுக்கு நான் வந்து சேர்ந்தபோது ஏழுமலை எனக்கு முன்பே வந்திருந்தார். குளிப்பாட்டும்போது உங்கள் வலது கை ஒருபக்கமாகத் தொங்கியது. மற்றவர்கள் வருவதற்குள் அவர் அதை எடுத்து, அந்த இரண்டு விரல்களையும் நேராக்கி, மார்மேல் வைத்தார். எடுக்கும்வரை அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டிருந்தார். குளிர்ந்த கை அது. அவர் கை விலகவில்லை. ஓ.டி. இப்போது தீயணைப்புக் குடியிருப்பில் அவர் வீட்டில் இருக்கிறது.

போன மாதம் உங்கள் மனைவி என்னைக் கூப்பிட்டனுப்பினார். உங்கள் பெட்டியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்து, "எல்லாம் நாயப் பத்திதான் எழுதிவெச்சிகிறாரு, நீங்களே வெச்சிக்குங்க" என்றார். ஓ.டி. என்ன சாப்பிட்டது, எப்படித் தூங்கியது, எந்தக் கால் நகம் உடைந்தது என்று நாள்தோறும் ஒன்றிரண்டு வரிகள். அந்த ஐப்பசி வாரத்துப் பக்கத்தில் என் விரல் நின்றது.

'திங்கள். இடது காதில் இரண்டு உண்ணி. எடுக்கவில்லை.'

'செவ்வாய். நாலு. எடுக்கவில்லை.'

'வியாழன். இரண்டு காதிலும். சரியாகச் சாப்பிடவில்லை. நானும்.'

'சனி. நாளைக்கும் வராவிட்டால் எடுத்துவிடுவேன். ஷேருக்கு ஒரு நாளும் இப்படிச் செய்ததில்லை.'

'ஞாயிறு. ஏழுமலை எடுத்தார். இனி இப்படிச் செய்யமாட்டேன்.'

உங்கள் பிரிவில் நாயின் காதில் ஒரு உண்ணி இருந்தால் அதைக் கையாள்பவருக்குத் தண்டனை உண்டு என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கண் தெரியவில்லை என்று எங்கள் இரண்டு பேரிடமும் பொய் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் மனைவியிடம் கேட்டேன். ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பதே நீங்கள்தானாம். ஏழுமலை வருவார் என்று உங்களுக்கு நிச்சயமில்லை. வராமலே போயிருக்கலாம். ஓ.டி.க்கு ரத்தம் குறைந்து காய்ச்சல் வந்திருக்கலாம். அத்தனையும் தெரிந்தவர் ஆறு நாள் கையைக் கட்டிக்கொண்டு அதன் காதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தீர்கள்.

இதை ஏழுமலையிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். தான் தானாகக் கையுறையைக் கழற்றியதாக நினைத்துக்கொண்டிருக்கும் மனிதர். அதுவும் ஒரு ஏற்பாடுதான் என்று தெரிந்தால் என்ன ஆகும்? ஆனால் முப்பது வருடமாகத் தெரிந்ததைச் சொல்லியே பிழைத்தவன் நான். கடைசியில் நோட்டை எடுத்துக்கொண்டு குடியிருப்புக்குப் போனேன். வாசற்படியில் உட்கார்ந்து ஓ.டி.யின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். படித்துக் காட்டினேன். அவர் பிரஷ்ஷை நிறுத்தவில்லை.

"தெரியும் சார்."

"எப்பலேந்து?"

"அன்னிக்கேதான். உண்ணி ஒரே நாள்ல மொச்சக்கொட்ட சைசுக்கு ஆவுமா? நாலஞ்சு நாளு ரத்தம் குடிச்சாதான் அப்டி ஊதும். தன்னால முடியலன்னா மொத நாளே வேற ஆள வுட்டு எடுத்திருக்க மாட்டாரா? நான் மாடு வளத்தவன்னு அவருகிட்டயே சொன்னேனே."

"தெரிஞ்சுமா ஒண்ணும் கேக்கல?"

அப்போதுதான் நிமிர்ந்தார்.

"அந்த மனுசன் ஒரு நாளுகூட இவளுக்கு மின்ன சாப்ட்டது கெடயாது. இவ காத அத்தினி நாளு அரிக்க வுட்டுட்டு பாத்துகினு உக்காந்திருக்காரு. எனுக்காவ. அவருக்கு உள்ள எவ்ளோ எரிஞ்சிருக்கும்? அத்தப் பாத்த அப்பறம் நான் ஒரு கிளவுஸ கழட்ட மாட்டனா சார்?"

அதை நான் குறித்துக்கொள்ளவில்லை. குறித்துக்கொள்ளாமலே ஒரு சொல் மாறாமல் நினைவில் நிற்பவை என் தொழிலில் மிகக் குறைவு.

ஹவில்தார், இந்தச் சாலைகளில் விபத்துகள் குறையவில்லை. நானும் செய்தி எழுதுவதை நிறுத்தவில்லை. ஆனால் செய்தி அனுப்பியதோடு என் வேலை முடிந்துவிடுவதில்லை. மறுநாள் நிலையத்துக்கோ ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்துக்கோ போய், அங்கே கடைசிவரை பக்கத்தில் இருந்தது யார் என்று விசாரிக்கிறேன். பத்திரிகைக்காக அல்ல. பெயரைத் தெரிந்துகொண்டு ஏழுமலையிடம் சொல்கிறேன்; நாயைப் பார்க்க வரச் சொல்லிக் கூப்பிடுவது அவர். போன வாரம் ஒரு ஆம்புலன்ஸ் பெண்ணின் பெயரைச் சொன்னேன். ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மருத்துவமனைவரை வந்தவர். இன்று காலை ஏழுமலை போன் செய்தார். அந்தப் பெண் வந்தாராம். ஓ.டி.க்குப் பக்கத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு, நாளைக்கும் வரலாமா என்று கேட்டுவிட்டுப் போனாராம்.